ஊரும் நாடும்

'இந்தியப் பண்பாட்டையும் இலங்கைப் பண்பாட்டையும் ஒப்பிட்டு எழுதுக' என்பது நம் பாடசாலைகளிலும் கலைவிழாக்களிலும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் தலைப்பு. மாணவரும் சளைக்காமல் எழுதி வருகின்றனர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எதிரே அநுராதபுரத்து ருவன்வெலிசாயத் தாதுகோபத்தை நிறுத்துகின்றனர். பரதநாட்டியத்துக்கு எதிரே கண்டிய நடனத்தை ஆட விடுகின்றனர். சங்க நூல்களை ஒரு தட்டிலும் மகாவமிசத்தை மறு தட்டிலும் வைத்து நிறுக்கின்றனர். இறுதியில், 'இரு நாடுகளும் தொன்மை வாய்ந்தவை. இரண்டும் தத்தம் வழியிற் சிறந்தவை' என்று மங்களம் பாடி முடிக்கின்றனர். ஆசிரியரும் நல்ல புள்ளிகள் இட்டு விடுகிறார்.

இவ்வொப்பீட்டில் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. கோயிலும் தாதுகோபமும் மன்னர் எழுப்பியவை. காவியமும் வமிச நூலும் புலவரும் துறவியரும் இயற்றியவை. அவை போற்றத்தக்கவைதாம். ஆயின், ஒரு நாட்டின் பண்பாடு என்பது அந்நாட்டு மக்கள் எவ்வாறு பிறந்தனர், யாரை மணந்தனர், எந்நாளில் அடுப்பு மூட்டினர், எவ்வாறு அழுதனர் என்பதிலன்றோ பெரும்பகுதியும் அடங்கியிருக்கிறது? அதனை அறிய அரண்மனை வாயிலிற் காத்து நிற்பதில் பயனில்லை. குடிசை வாயிலுக்குத்தான் செல்ல வேண்டும். சப்ரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, அப்பகுதியிலேயே ஆசிரியத் தொழில் புரிபவன் நான். இரு நாட்டையும் ஒப்பிட என்னைப் போன்றோருக்கு ஒரு தனி வசதி உண்டு. எங்கள் பேச்சுத் தமிழிலேயே அவ்வொப்பீடு குடிகொண்டிருக்கிறது.

தோட்டத்து முதியோர் வாயில் 'ஊர்' என்றொரு சொல்லும் 'நாடு' என்றொரு சொல்லும் வழங்கும். ஊர் என்பது அக்கரையிலுள்ள முன்னோர் கிராமம். அது திருச்சிராப்பள்ளிப் பக்கமாயிருக்கலாம். புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கமாயுமிருக்கலாம். சொல்லுபவர் அதனை ஒருநாளும் கண்டிருக்க மாட்டார். எனினும் அது ஊர்தான். நாடு என்பது தோட்டத்து எல்லைக்குக் கீழே கிடக்கும் சிங்களக் கிராமம். 'நாட்டுக்குப் போய் ஒரு பலாக்காய் வாங்கி வா' என்று தாய் மகனை ஏவினால், அவன் ரப்பர் மரங்களின் ஊடே இறங்கி அரைமணி நேரத்தில் திரும்பிவிடுவான். ஊர் கடலுக்கு அப்பால். நாடு ஒற்றையடிப் பாதைக்கு அப்பால். இரண்டுக்கும் நடுவே தாம் வாழும் இடத்தை எம் மக்கள் ஊர் என்றும் சொல்வதில்லை, நாடு என்றும் சொல்வதில்லை. அதற்குத் 'தோட்டம்' என்று மட்டுமே பெயர்.

இந்த இரண்டு சொற்களையும் கைவிளக்காகக் கொண்டு இரு நாட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் உறவுமுறையை எடுத்துக்கொள்வோம். எங்கள் அம்மா சிங்களத்திலும் அம்மாதான், அக்கா அக்காதான். தாயின் உடன்பிறந்தான் நமக்கு மாமன், அவர்களுக்கும் மாமா. நமக்கு மச்சினன் என்றால் அவர்களுக்கு மஸ்ஸினா. சொற்கள் ஒத்திருப்பதைக் காட்டிலும் அவற்றின் பின்னுள்ள முறை ஒத்திருப்பதே வியப்புக்குரியது. தந்தையின் சகோதரியை நாம் அத்தை என்கிறோம்; மாமியாரும் அத்தையே. சிங்களவரோ நெந்தா என்கின்றனர், மாமியாரும் நெந்தாவே. மாமன் மகளையும் அத்தை மகளையும் நாம் முறைப்பெண் என்று உரிமை பாராட்டுவது போலவே, கண்டிய கிராமத்தாரும் அவஸ்ஸ நேனா என்று உரிமை பாராட்டினர். சித்தப்பன் மகளை மணப்பது இங்கும் தகாது, அங்கும் தகாது. ஒருவர் பேசுவது இந்தோ ஆரிய மொழி, மற்றவர் பேசுவது திராவிட மொழி என்று மொழிநூலார் பிரிக்கின்றனர், அது உண்மையே. ஆயினும், பெண் கேட்கச் செல்லும்போது இருவரும் ஒரே வாசற்படியைத்தான் மிதிக்கின்றனர். வடஇந்தியாவிற் பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் மாமன் மகள் தங்கைக்கு ஒப்பானவள். ஆகவே, மணமுறையைப் பொறுத்தவரை, தமிழ்க் கிராமத்துக்குக் காசி நகரைவிட அரநாயக்கவே அண்மையிலுள்ளது.

அடுத்து விழாக்கள். தமிழ்நாட்டு உழவன் தை முதல் நாளிற் புத்தரிசியிட்டுப் பொங்குகிறான். அதே பருவத்தில், துருத்து முழுநிலாவையொட்டிக் கண்டித் தலதா மாளிகையில் 'அலுத் சஹல் மங்கல்ய' என்னும் புத்தரிசி விழா நடைபெறுகிறது. சித்திரையிற் சூரியன் மேட இராசியிற் புகும் வேளையே இரு சாராருக்கும் ஆண்டின் தொடக்கம். சுபநேரம் பார்த்து அடுப்பு மூட்டுவதும், பாற்சோறு சமைப்பதும், பெரியோர் கையாற் பணம் பெறுவதும் சிங்கள இல்லத்தில் தவறாமல் நிகழ்கின்றன. கைவிசேடம் பெறும் ஈழத்துத் தமிழருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தெய்வத்தின் கதை இன்னும் சுவையானது. சிலப்பதிகாரம் தமிழ்நாட்டின் பெருங்காப்பியம். கண்ணகி தமிழகத்தின் சொத்து என்று பேசுகிறோம். ஆனால், இன்று தமிழகத்திற் கண்ணகி பெரும்பாலும் நூலிலும் மேடையிலுமே வாழ்கிறாள். எல்லை மலைமீதுள்ள மங்கலதேவி கோயில் சித்திரை முழுநிலாவன்று ஒருநாள் மட்டுமே மக்களுக்குத் திறக்கப்படுகிறது. இலங்கையிலோ, அவள் மட்டக்களப்புத் தமிழருக்குக் கண்ணகை அம்மன். சிங்களவருக்குப் பத்தினி தெய்யோ. கயவாகு மன்னன் அவள் சிலம்பைக் கொணர்ந்தான் என்பது சிங்கள மரபு. சப்ரகமுவக் கிராமங்களில் நோய் நீங்கவும் விளைவு பெருகவும் கம்மடுவச் சடங்கில் அவளைப் பாடி அழைத்தனர். கொம்பைக் கொம்போடு மாட்டி இழுக்கும் சிங்களவரின் அங்கெலிய விளையாட்டும், மட்டக்களப்பாரின் கொம்பு முறி விளையாட்டும் அவள் பொருட்டே நிகழ்ந்தவை. 'இந்தியா மூலம், இலங்கை அதன் பிரதி' என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இதற்கு என்ன விடை பகர்வர்? மூலம் என்று நாம் கருதிய இடத்தில் ஏடு எஞ்சியது. பிரதி என்று கருதிய இடத்தில் வழிபாடு எஞ்சியது.

இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது வேறுபாடுதான் எங்கே உள்ளது? என் கருத்தில், அது நிலத்தில் உள்ளது.

கண்டிய கிராமத்தில் ஒவ்வொரு வழக்கமும் நிலத்திலே வேர் விட்டிருக்கிறது. பின்ன முறைத் திருமணத்திற் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான்; அவளுக்குத் தந்தையின் காணியில் உரிமை நிலைக்கிறது. தீக முறையில் அவள் கணவன் வீடு செல்கிறாள். கண்டியச் சட்டப்படி அவ்வுரிமை பொதுவாக அவளை விட்டு நீங்குகிறது. தமிழகக் கிராமத்திலோ, பெண்ணுக்குச் சீர் உண்டு, காணி இல்லை என்பதே நெடுநாள் வழக்கு. பரம்பரைச் சொத்தில் இந்துப் பெண்ணுக்குச் சமபங்கு வழங்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலேதான் வந்தது. இவ்விரு கிராமங்களையும் ஒப்பிட்டால், பெண்ணின் நிலை காணியோடு எவ்வாறு பிணைந்திருந்தது என்பது தெளிவாகும். தோட்டத்துப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. அவள் கொழுந்து பறித்தாள், பால் வெட்டினாள், தன் கையால் உழைத்துக் கூலி ஈட்டினாள். ஆயினும் அக்கூலியை அவள் வீட்டு ஆண்மகன் கைநீட்டிப் பெற்றுக்கொண்ட வழக்கம் பல தோட்டங்களில் நெடுநாள் நிலவியது.

எங்கள் முன்னோர் எவ்வாறு நிலமற்றவராயினர்? தமிழகத்தில் அவர்களிற் பலர் முன்னரே நிலமற்றவர்கள். சாதியின் கீழ்ப்படியில் நின்று பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் போன்ற கொடுமைகள் எஞ்சியவற்றையும் பறித்தன. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக முன்னே நடக்க, அவர்கள் அதன் பின்னே நடந்து இக்கரை சேர்ந்தனர். அதே காலப்பகுதியில் இங்கே மலையடிவாரச் சிங்களவனுக்கு நேர்ந்தது யாது? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் இல்லாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் உடைமையாக்க வழி செய்தது. அவன் விறகு வெட்டிய குன்று கோப்பித் தோட்டமாயிற்று. 1869இற் கோப்பியைப் பற்றிய இலைநோய் அப்பயிரை அழித்த பின்னர், அது தேயிலைத் தோட்டமோ ரப்பர்த் தோட்டமோ ஆயிற்று. நிலத்தை இழந்த ஒருவனும் நிலமே காணாத ஒருவனும் ஒரே குன்றில், ஒருவரையொருவர் ஐயுற்றுப் பார்த்தவாறு சந்தித்தனர். இரு பண்பாடுகள் மோதின என்று இதனைச் சொல்வது பொருந்தாது. அக்குன்றில் மூன்றாமவன் ஒருவன் வேலியிட்டிருந்தான். அவ்வேலியின் இருபுறமும் இவர்கள் நின்றனர்.

தோட்டத்தில் நாங்கள் பொங்கும் பொங்கலை எண்ணிப் பாருங்கள். வயல் இல்லை, ஏர் இல்லை, அரிசி கடையில் வாங்கியது. தீபாவளிக்கு முற்பணம் கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது. ஆயினும் லயத்து வாசலில் அடுப்புக் கூட்டிப் பொங்குகிறோம். நிலத்தை விட்டுப் பிரிந்த பின்னரும் நிலத்தின் விழாவைக் கைவிடாத மக்கள் இவர்கள். இதனை இந்தியப் பண்பாட்டின் தேய்ந்த நிழல் என்று சொல்லலாமா? வயலுள்ளவன் பொங்குவதற்கு நன்றியுணர்வு போதும். வயலில்லாதவன் பொங்குவதற்கு நெஞ்சுறுதியும் வேண்டும்.

இப்பண்பாடு எந்நாட்டுக்கு உரியது என்ற வினாவுக்கு அரசாங்கங்கள் தாளிலே விடை எழுதின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 'நாட்டுக்குப் போய் வருகிறேன்' என்று நாள்தோறும் சொல்லும் மக்களுக்கு நாடற்றவர் என்ற பட்டம்! 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. பங்கிடப்பட்டவர்களின் கருத்தைக் கேட்டார் எவருமில்லை. அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலைநாட்டு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். நூறு கட்டுரைகள் சொல்லாததை அவ்விரு சொற்கள் சொல்லிவிட்டன.

தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் ஊருக்கு வந்துவிட்டோம் என்று நம்பினர். இரு நாட்டுப் பண்பாட்டையும் உயிருள்ள மனிதரைக் கொண்டு ஒப்பிட்ட பெருஞ்சோதனை அங்கேதான் நடைபெற்றது. அவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டுத் தமிழக அரசு நீலகிரியில் 1968 முதல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. மீண்டும் அதே மலை, அதே குளிர், அதே கொழுந்துக் கூடை. கடையில் அவர்கள் 'பாண்' கேட்டனர், கடைக்காரருக்கு விளங்கவில்லை. அங்கே அதற்கு ரொட்டி என்று பெயர். இவர்களுக்கு ரொட்டி என்றால் தேங்காய்ப்பூ சேர்த்துச் சுட்டது. அதனோடு தொட்டுக்கொள்ளச் சட்னியன்று, சம்பல் வேண்டும். இங்கே 'இந்தியத் தமிழர்' என்றும் 'தோட்டக்காட்டார்' என்றும் ஒதுக்கப்பட்டவர்கள், அங்கே 'சிலோன்காரர்' ஆயினர். மூதாதையர் மொழியை மூதாதையர் மண்ணிலே பேசியும், அயலவராகவே எண்ணப்பட்டனர். நூறாண்டுகளுக்கு மேலாக இம்மண்ணில் வாழ்ந்தவர்களை இம்மண் தன் சாயலில் வார்த்திருந்தது. அதனை இங்குள்ள சட்டமும் காணவில்லை. அங்குள்ள அயலவரும் காணவில்லை.

குடியுரிமைச் சிக்கல் ஒருவாறு தீர்ந்துவிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் இலங்கைக் குடியுரிமை வழங்கிற்று. ஆயின், மனத்தளவிலே எங்கள் பிள்ளைகளை இன்னும் இரு திசையிலும் இழுக்கின்றனர். 'சென்னையைப் பார், அதுவே தூய தமிழ்ப் பண்பாடு' என்கின்றனர் ஒரு சாரார். 'பிழைக்கும் வழியைப் பார். சிங்களத்திற் படித்துச் சிங்களவராகவே கலந்துவிடு' என்கின்றனர் மற்றொரு சாரார். நுவரெலியாவைப் போல் இங்கே தோட்டங்கள் அடர்ந்து பரந்திருக்கவில்லை. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அவை சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. அருகில் உயர்வகுப்புக் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலை இல்லாமையாற் சிங்கள மொழியிற் கற்கும் தோட்டப் பிள்ளைகள் பலர். அவர்கள் சிங்களம் கற்பதை நான் குறை கூறேன். அது அயலவர் மொழி, கற்கத்தக்க மொழி. தமிழை எழுதத் தெரியாமற் போவதையே குறை கூறுகிறேன். பாட்டியின் தாலாட்டை எழுதி வைக்கப் பேரனுக்கு எழுத்துத் தெரியவில்லையெனில், அத்தாலாட்டு அவளோடு போய்விடும்.

சென்னையைக் காட்டுவோருக்கும் ஒரு சொல். பரதநாட்டியத்தை நான் போற்றுகிறேன். ஆயின், அது இன்றைய பெயரோடும் வடிவோடும் சென்னை மேடைகளில் நிலைபெற்றது 1930களில். அதற்கு முன்னரே எங்கள் தோட்டங்களிற் காமன் கூத்து நடைபெற்று வந்தது. மாசி மாதத்திற் காமன் கம்பம் ஊன்றி, இரதிக்கும் மன்மதனுக்கும் மணம் முடித்து, சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதை நடித்து, இரதியின் புலம்பலுக்குத் தோட்டமே கண்ணீர் வடிக்கும் கூத்து அது. பகலிற் கவ்வாத்து வெட்டியவன் இரவில் இரதியாவான். ஆனால், பாடசாலைக் கலைவிழாவிற் பரதத்துக்கே முதலிடம். தப்பு என்றால் முகம் சுளிக்கின்றனர். அது சாவுப் பறையாம், கீழோர் கருவியாம்! சாதியை அக்கரையிலே விட்டுவிட்டு வந்தோம் என்று பெருமை பேசுவோர், இசைக்கருவியில் மட்டும் அதனைப் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தது எவ்வாறு? ஊரிலிருந்து கொண்டுவரத் தகுந்தவற்றையும் தகாதவற்றையும் பிரித்தறிவதும் ஒப்பீட்டின் வேலைதான். இவ்வகையிற் சிங்களக் கிராமமும் தூயது என்று சொல்வதற்கில்லை. ரொடியர் என்போரை ஒதுக்கி வைத்த வரலாறு அதற்கும் உண்டு.

2016 மே 17ஆம் நாள், பெருமழையில் அரநாயக்கச் சாமசர மலை சரிந்து, அடிவாரத்துச் சிங்களக் கிராமங்களைப் புதைத்தது. அதே நாளில், இதே மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டியப் பகுதியின் களுப்பான தோட்டத்து லயங்களின் மீதும் மண் சரிந்து உயிர்களைக் கவர்ந்தது. மண் எவருடைய மொழியையும் கேட்கவில்லை. அந்நாட்களில் ஊர் என்றும் நாடு என்றும் வேறுபாடில்லாமல் ஒரே ஓலம் எழுந்தது. ஒப்பாரியில் வைத்துப் பாடும் சொற்கள் வேறாயினும், மார்பில் அறைந்துகொள்ளும் கை ஒன்றே என்பதை அன்று இம்மாவட்டத்தார் அனைவரும் கண்டனர்.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். இந்தியாவையும் இலங்கையையும் ஒப்பிடுங்கள்; ஆனால் அரசனோடு அரசனையும் கோபுரத்தோடு தாதுகோபத்தையும் ஒப்பிடுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் பாட்டியிடம் ஊரைப்பற்றிக் கேளுங்கள். கீழ்க்கிராமத்துச் சிங்களப் பாட்டியிடம் நாட்டைப்பற்றிக் கேளுங்கள். இருவரும் என்ன சொல்லி அழைத்தனர், எதனை உண்டனர், எத்தெய்வத்துக்கு அஞ்சினர் என்று எழுதி வையுங்கள். தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டுப் பாடல்களைத் தொகுக்காதிருந்தால், அவற்றுட் பல இன்று நமக்குக் கிடைத்திரா. அவர் மலையுச்சியின் தோட்டங்களிற் செய்ததைச் சப்ரகமுவத் தோட்டங்களில் விரிவாகச் செய்ய இன்னும் ஆளில்லை. முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர், காத்திருக்க நேரமில்லை.

ஆட்சியாளர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2015க்குப் பின்னர், ஏழு பேர்ச் காணியோடு தனி வீடு என்னும் திட்டம் தோட்டங்களிற் பேசப்பட்டு, சில இடங்களில் நிறைவேறியும் வருகிறது. ஏழு பேர்ச் சிறு துண்டுதான். அதில் வயல் செய்ய இயலாது. எனினும், ஒரு முருங்கை நடலாம். ஒரு பலாக்கன்று வைக்கலாம். சொந்த வாசலிற் பொங்கலாம். பண்பாட்டைக் காக்க மாநாடு கூட்டுவதைவிட, அதற்குக் காலூன்ற ஒரு துண்டு நிலம் கொடுப்பதே மேல். அந்நிலம் எல்லாத் தோட்டக் குடும்பங்களுக்கும் உறுதிப்பத்திரத்தோடு கிடைக்கும் நாளில், எங்கள் பேரப்பிள்ளைகள் தாம் வாழும் இடத்துக்குத் தோட்டம் என்ற பெயரை விடுத்து வேறு பெயர் சொல்லத் தொடங்குவர். அதனை ஊர் என்பார்களோ, நாடு என்பார்களோ, அதனை அவர்களே முடிவு செய்யட்டும்.